ஊதிக் காட்டு

தையல் மெஷினின் கீழ் டிராயரை அப்படியே உருவி மடியில் வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தாள் சொத்தை. பொத்தான்கள், கொக்கிகள், பாபின்கள், தேய்ந்துபோன சாக்கட்டிகள், எந்தக் காலத்திலோ யாருடைய கால்சட்டையிலிருந்தோ பிரித்தெடுத்த ஜிப்புகள் எல்லாம் இருந்தன. மூலையில் நீல மூடி போட்ட டப்பாவும் இருந்தது. திறந்தால் உள்ளே தண்ணீர் மட்டும்தான். நேற்றுச் சாயங்காலம் அவளே கழுவி, அந்தத் தண்ணீருக்குள் போட்டு மூடிவைத்த பல்செட்டைக் காணவில்லை.

உள்ளறையில் அம்மா கிடந்தாள். விடிகிற நேரத்தில், யாரையும் தொந்தரவு செய்யாமல், ஒரு மூச்சை வெளியே விட்டுவிட்டு அடுத்ததை எடுக்க மறந்தவள் போல நின்றுபோனாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். வண்டி மத்தியானம் வரும். அதற்குள் தெருவே வந்துவிடும். அம்மா கைபட்டு நீளம் குறையாத கால்சட்டை இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது.

போன மாதம், இன்னும் எழுந்து உட்கார முடிந்த நாளில், அம்மா அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"வர்றவங்க முன்னாடி நான் ஒட்டின வாயோட படுத்திருக்க மாட்டேன். பல்லோடதான் போவேன். நீதான் வெச்சு விடணும்."

"சரிம்மா."

"உங்கண்ணனுக்கும் தம்பிக்கும் இது தெரியாது. தெரியவும் கூடாது. இந்த வீட்டுல பிறந்ததுல தெரிஞ்சவ நீ ஒருத்திதான்."

"சரிம்மா."

"சரிம்மான்னா மட்டும் போதாது. நல்லாக் கழுவிட்டு வெக்கணும்."

செத்த பிறகு வாய்க்குள் போகிற பல்லைக்கூடக் கழுவித்தான் வைக்க வேண்டுமாம். அம்மா அப்படித்தான். சொத்தை அன்றைக்குச் சிரித்தாள், பிறகு குளியலறைக்குள் போய் அழுதாள். கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று. இப்போது டப்பாவில் தண்ணீர்தான் இருக்கிறது.

சொத்தை என்பது பள்ளிக்கூடத்தில் எழுதின பெயரல்ல. மற்றவர்கள் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் செல்லப்பெயர் வைப்பார்கள். அம்மா வாயைப் பார்த்து வைத்தாள். முன்பல் இரண்டும் தூக்கலாக முளைத்த மூத்தவன் முயல். கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்த நடுவுள்ளவள் சொத்தை. ஓடிவந்து கதவில் மோதி முன்பல் இரண்டையும் ஒரே நாளில் உதிர்த்த கடைக்குட்டி பொக்கை. இப்போது முயலுக்குத் தலை நரைத்துவிட்டது, மின்சார ஆபீசில் ஒரு கூட்டத்தையே மேய்க்கிறான். சொத்தை மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறாள், பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். பொக்கை சொந்தமாகச் சலூன் வைத்திருக்கிறான். மூன்று பேருக்கும் வாய் நிறையப் பல். பெயர்தான் மாறவில்லை.

டிராயரைத் திரும்பச் செருகிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கே முயல் முழங்காலிட்டு உட்கார்ந்து, குப்பைக் கூடையைக் கவிழ்த்துக் கையால் துழாவிக்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டையின் கைகளை மடித்துவிட்டிருந்தான். டீத்தூள் சக்கையும் பஞ்சும் தரையெங்கும் கிடந்தன.

"என்னண்ணா பண்றே?"

"கண்ணாடியைக் காணோம்."

கண்ணாடி அவன் நெற்றியில் இருந்தது. பாவம், துக்கம் மனுஷனை என்னவெல்லாம் செய்கிறது என்று நினைத்துக்கொண்டு, சொத்தை எட்டி அதை அவன் மூக்கில் இறக்கிவிட்டாள். முயல் கண்ணாடி வழியாக அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு, "ராத்திரி நர்ஸ் ஏதாவது எடுத்துக் கொட்டினாங்களா?" என்று கேட்டான்.

"எதை?"

"இல்ல... பொதுவாக் கேட்டேன்."

மேஜையருகே அப்பா ஆறிப்போன டீக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மோட்டார் சத்தத்துக்குள்ளேயே வேலை பார்த்து ஒரு பக்கக் காது மந்தம். அவருக்கு ராத்திரியில் மட்டும் வருகிற ஒரு பழைய இருமல் உண்டு. பிள்ளைகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, விளக்கை அணைத்ததும் நாலு தரம் பலமாக இருமிவிட்டுத்தான் படுப்பார். சொத்தை மருந்துக்கடையில் சேர்ந்ததிலிருந்து விதவிதமான சிரப் கொண்டுவந்து கொடுத்தும் அது போனபாடில்லை.

"அப்பா, டீயைச் சுட வெச்சுத் தரவா?"

"வேணாம்மா. உங்கம்மா வாயைப் பாத்தியா?"

சொத்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வாய்க்கு என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. துணி மூடியிருக்கான்னு கேட்டேன்."

மூடித்தான் இருந்தது. இந்தக் கடைசி வாரம் முழுக்க அவள்தான் அம்மாவின் மூக்குக்குக் கீழே ஒரு கைக்குட்டையைப் போட்டு, "குளிருது, அதான்" என்று சொல்லி எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருந்தாள். பல்செட் தொண்டைக்குள் போய்விடும், கழற்றிவிடுங்கள் என்று நர்ஸ் சொன்ன நாளிலிருந்து இந்த நாடகம். அம்மா தண்ணீர் குடிக்கும்போது முயல் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். பொக்கை செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போவான். ஆம்பளைகளுக்கு இதையெல்லாம் பார்க்கத் தெம்பு கிடையாது, அதுவும் நல்லதாகப் போயிற்று என்று அவள் நினைத்திருந்தாள்.

பின்வாசல் படியில் நின்று கணவனுக்குப் போன் செய்தாள்.

"கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பிட்டே இருக்கோம்."

"பாப்பா பல்லு விளக்கினாளா?"

"இன்னிக்குமா?" என்றான்.

"இன்னிக்கு வாயில பல்லு இல்லையா அவளுக்கு?"

சொன்ன பிறகுதான் அது அம்மாவின் வாக்கியம் என்று உறைத்தது. அப்படியே, அதே எரிச்சலோடு, அதே இடத்தில் மூச்சு வாங்கி. கணவன் குரலைத் தணித்துக்கொண்டு, "நான் பாத்துக்கறேன். நீ ஏதாவது சாப்பிடு" என்றான்.

மகளுக்குப் பல் விளக்குவதென்றால் பாகற்காய். பிரஷை நனைத்துவிட்டு விளக்கினேன் என்கிறாள். கெஞ்சியாயிற்று, மிரட்டியாயிற்று, சீனியில் பூச்சி வரும் கதையெல்லாம் சொல்லியாயிற்று. அம்மாவிடம் இருந்த மருந்து சொத்தையிடம் இல்லை. காட்டுவதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை, எல்லாம் சொந்தப் பல்.

அம்மா காட்டினாள். சொத்தைக்கு அப்போது ஏழு வயது. விளக்க மாட்டேன் என்று பிரஷை ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்தாள். அடி விழும் என்று சுவரோடு ஒட்டி நின்றாள். அம்மா அடிக்கவில்லை. அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் தாழ் போட்டாள். கட்டிலில் உட்கார்ந்து, வாய்க்குள் விரலை விட்டு, மேல்வரிசையைக் கழற்றினாள். பிறகு கீழ்வரிசையை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போய், மூக்கும் மோவாயும் கிட்டத்தில் வந்து, வேறு யாரோ போலிருந்தாள். சொத்தை பயந்து அழப்போனாள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள்; அந்த வாயிலிருந்து வந்த சொல்லும் காற்றாகத்தான் வந்தது. ஆனால் ஒரு எழுத்துகூட அவளுக்கு மறக்கவில்லை.

"பாத்துக்கோ. எனக்கு உன் வயசுல அம்மா இல்ல. மாமா வீட்டுல வளர்ந்தேன். அங்க சோறு போட்டாங்க, துணி குடுத்தாங்க, நல்லவங்கதான். ஆனா வாயைத் திற, பல்லைப் பாக்கறேன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. அதை அம்மாதான் கேப்பா. வேற யாரு இன்னொருத்தர் வாயை மோந்து பாப்பா? முயல் பிறக்கறதுக்குள்ள எனக்கு ஒண்ணுகூட இல்ல. உனக்கு நான் இருக்கேன். புரியுதா?"

சொத்தை தலையை ஆட்டினாள்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது. உனக்கு மட்டும்தான் காட்டறேன்."

பிறகு ஒரு பழைய பிரஷைக் கையில் கொடுத்து, அந்தப் பல்வரிசையை விளக்கித் தரச்சொன்னாள். சொத்தை குழாயடியில் நின்று, அம்மாவின் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கீச்சென்று சத்தம் வரும்வரை தேய்த்தாள். அன்றிலிருந்து இரண்டு வேளையும் தானாக விளக்கினாள். விளக்கிவிட்டு வந்து நின்றால், அம்மா தையலை நிறுத்திவிட்டு, "ஊதிக் காட்டு" என்று மூக்கை நீட்டுவாள்; மூன்று பிள்ளைகளும் ஊதிக் காட்டிய பிறகுதான் மெஷின் திரும்ப ஓடும். பயம் ஒரு பங்கு என்றால், பெருமை மூன்று பங்கு. அண்ணனுக்கும் தம்பிக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும். அம்மா நம்பினது தன்னைத்தான். இத்தனை வருஷத்தில் கணவனிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை.

"என்னம்மா, தாடை கட்டினீங்களா?" என்றபடி எதிர்வீட்டு அக்கா பின்வாசல் வழியாகவே உள்ளே வந்துவிட்டாள். கையில் நீளமாகக் கிழித்த வெள்ளைத் துணி. சாவு வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதில் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "இப்பவே கட்டிடணும். விட்டா இறுகிப் போயிடும், அப்புறம் வாய் திறந்தே நிக்கும். நகரு, நான் கட்டறேன்."

"இருங்கக்கா. துணி மாத்திட்டுக் கூப்பிடறேன்."

"துணி அப்புறம் மாத்தலாம். தாடைதான் முதல்ல."

"ரெண்டு நிமிஷம்க்கா. அம்மாவுக்கு நான்தான் செய்யணும்."

அக்கா உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியை மடியில் நீவிவிட்டபடி, கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். சொத்தை அவள் கையிலிருந்து அந்தத் துணியை மெதுவாக உருவிக்கொண்டு உள்ளறைக்கு நடந்தாள். பல் இல்லாமல் கட்டுவதா, கட்டாமல் விடுவதா என்று ஒன்றும் ஓடவில்லை. கடைசியாகக் கேட்ட ஒரே காரியத்தைக்கூடச் செய்துகொடுக்க முடியாத மகள் என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வந்தது.

அறையில் பொக்கை ஏற்கெனவே இருந்தான். கட்டிலருகே நின்று, இடது கையால் சட்டைப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். விடிந்ததிலிருந்து அப்படித்தான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு திரிகிறான். அவளைப் பார்த்ததும் அவசரமாகச் சீப்பை எடுத்தான்.

"அம்மாவுக்கு முடி சீவி விடறேன். நீ போய் டீ குடி."

"நான் துணி மாத்தணும். நீ வெளிய போ, அப்புறம் வந்து சீவு."

"முதல்ல சீவிடறேன்."

"டேய், பொம்பளைக்குத் துணி மாத்தற இடத்துல உனக்கென்ன வேலை?"

முயல் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றான், ஆபீஸ் குரலில். "எனக்கு அம்மாகிட்டத் தனியா ஒண்ணு சொல்லணும்."

"உயிரோட இருந்தப்ப சொல்றதுக்கென்ன?" என்றாள் சொத்தை.

"நான் மூத்தவன். வெளிய போங்கன்னா போங்க."

"மூத்தவன்னா? ராத்திரி பூரா கூட உக்காந்தது நானு."

"நான் மட்டும் சினிமாவுக்கா போயிருந்தேன்?" என்றான் பொக்கை.

யாரும் நகரவில்லை. மூன்று பேரும் கட்டிலின் மூன்று பக்கமும் நின்றுகொண்டு, மிட்டாய்க்குச் சண்டை போடுகிற வயதுக்குப் போய்விட்டார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினது போல, யாராலும் காரணத்தைச் சொல்லவும் முடியவில்லை, விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. வெளியிலிருந்து எதிர்வீட்டு அக்கா, "ஆச்சா?" என்று குரல் கொடுத்தாள். அம்மா கைக்குட்டைக்கு அடியில் எதையும் கண்டுகொள்ளாமல் படுத்திருந்தாள்.

"உனக்கு எப்பவுமே நீதான் அம்மாவுக்குச் செல்லம்னு நினைப்பு" என்று முயல் சொத்தையைப் பார்த்துச் சொன்னான். அவன் குரல் உடைந்தது. அதைக் கேட்டதும் பொக்கைக்குத் தாங்கவில்லை. ஓவென்று அழுதபடி கட்டிலின் மேல் குனிந்தான், கை பையிலிருந்து விலகியது.

கடக்.

சின்னச் சத்தம்தான். கைக்குட்டையில் சுற்றின ஏதோ ஒன்று கட்டில் சட்டத்தில் பட்ட சத்தம். அம்மா வேகமாகப் பேசும்போது, கோபத்தில் வாயை மூடும்போது, ரொட்டியின் ஓரத்தைக் கடிக்கும்போது வருகிற சத்தம். மூன்று தலையும் ஒரே நேரத்தில் அந்தப் பையைப் பார்த்துத் திரும்பின.

முதலில் பேசினது முயல். "அது உன்கிட்டயா இருக்கு?"

"எது?" என்றான் பொக்கை.

"குப்பைக் கூடை வரைக்கும் தேடிட்டேண்டா நான்."

சொத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு மட்டும்தான்னு சொன்னா" என்றான் பொக்கை. மூக்கை உறிஞ்சினான். "நான் நாக்குல பேஸ்ட் தடவிட்டு வந்தேனே, அந்த வருஷம். இங்கதான், இந்தக் கட்டில்ல உக்காந்து கழட்டினா. நானே விளக்கிக் குடுத்தேன்."

"நானும் விளக்கிக் குடுத்தேன்" என்றான் முயல்.

"ஏழு வயசுலயா?"

"ஏழு வயசுல."

சொத்தைக்குச் சுருக்கென்றது. துக்கத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, இது வேறு. இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் பொத்திவைத்திருந்ததை அம்மா மூன்றாக வெட்டிப் பங்கு போட்டிருக்கிறாள். ஒரு கணம் அவளுக்கு அம்மாவின் மேல் நிஜமாகவே கோபம் வந்தது. ஆள் பார்த்து அளவெடுத்துத் தைக்கிறவள், இதை மட்டும் மூன்று பேருக்கும் ஒரே அளவில் தைத்துவிட்டாள்.

"போன மாசம் கூப்பிட்டு, நீதான் வெச்சு விடணும்னு சொன்னாளா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

"நல்லாக் கழுவிட்டு வெக்கணும்னு?"

முயலின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. அவன் சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்ததும் பொக்கைக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. சொத்தை தாடை கட்டுகிற துணியாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தரை நம்பி விட்டால் மறந்துபோகும் என்று மூன்று பேரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். கில்லாடி.

சிரிப்பு அடங்கியதும் காரியம் நினைவுக்கு வந்தது. பொக்கை கைக்குட்டையைப் பிரித்தான். சொத்தை அம்மாவின் மூக்கின் கீழிருந்த துணியை எடுத்தாள். அந்தக் குழிவிழுந்த முகத்தை மூன்று பேரும் சேர்ந்து பார்ப்பது இதுதான் முதல் முறை. முயல் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

வைக்க முடியவில்லை. தாடை அதற்குள் பிடிவாதமாகிவிட்டிருந்தது. பொக்கை தினமும் பத்து முகத்தைக் கையாளுகிறவன். அவனாலும் அதைத் திறக்க முடியவில்லை. சொத்தை முயன்றாள். மேல்வரிசை பாதி போய் ஓரத்தில் தட்டி நின்றது. அழுத்தினால் வலிக்குமோ என்று கையை எடுத்துவிட்டாள். வலிக்காது என்று தெரிந்தும் எடுத்துவிட்டாள்.

கதவு திறந்தது. அப்பா. கையில் ஒரு கிண்ணத்தில் ஆவி பறக்கிற வெந்நீர், தோளில் துண்டு. மூன்று பேரும் சட்டென்று கட்டிலை மறைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

அப்பா அவர்களைப் பார்த்தார். பொக்கையின் கையைப் பார்த்தார். கிண்ணத்தை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"சின்ன வயசுலயே" என்றான் முயல்.

"மூணு பேருக்குமா?"

"மூணு பேருக்கும்."

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். "பிள்ளைங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தா" என்றார். "டப்பா மூடற சத்தம் அடுத்த ரூமுக்குக் கேக்கும்னு ராத்திரியில நான் இருமணும். அதுவும் பலமா இருமணும்."

சொத்தை அவரையே பார்த்தாள். "அப்ப நான் வாங்கிட்டு வந்த சிரப்பெல்லாம்?"

"அலமாரியில இருக்கு. நீ ஆசையாக் கொண்டாந்தது, தூக்கிப் போட மனசு வரல."

துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அம்மாவின் தாடையின் இரண்டு பக்கமும் ஒத்தினார். காது வரைக்கும் மெதுவாக நீவினார். திரும்ப நனைத்தார், திரும்ப ஒத்தினார். லிப்ட் கதவு சிக்கிக்கொண்டால் உடைக்காமல் வழிக்குக் கொண்டுவந்த கை. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"பல்லைக் கழுவினியா?" என்று திரும்பாமலே கேட்டார்.

பொக்கை விழித்தான். "பையிலதான்ப்பா இருந்துச்சு."

"பையில இருந்ததை அப்படியே வெக்கறதா? அவ சும்மா இருப்பாளா?"

சொத்தை வாங்கிக்கொண்டு போய்க் குழாயடியில் விளக்கினாள். பழைய பிரஷ் அதே இடத்தில் இருந்தது. கீச்சென்று சத்தம் வருகிறவரை தேய்த்தாள்.

"மேல் வரிசை முதல்ல" என்றார் அப்பா. "நேரா வெச்சாப் போகாது. வலது பக்கம் சாய்ச்சு உள்ள விட்டு, அப்புறம் இடது பக்கம் தூக்கணும். அந்த ஓரம் குத்துதுன்னு புதுசுல அழுவா. என்கிட்ட இருந்த சன்ன அரத்தால நான்தான் தேய்ச்சுக் குடுத்தேன்." சொல்லிக்கொண்டே வைத்துவிட்டார். கீழ்வரிசையும் போயிற்று. கட்டைவிரலால் மோவாயை ஏந்தி மூடினார். கன்னம் மேலே வந்தது, உதடு நேரானது. யாரையோ திட்டுவதற்குத் தயாராக அம்மா திரும்ப வந்துவிட்டாள்.

அப்பா அவள் உதட்டின் ஓரத்தில் இருந்த ஈரத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

சொத்தை துணியைத் தாடைக்குக் கீழே கொடுத்துத் தலைக்கு மேல் முடிச்சுப் போட்டாள். பொக்கை முடிச்சை மறைத்து முடியைச் சீவிவிட்டான், நெற்றிக்கு மேல் ஒரு சின்ன மயிர் மட்டும் எத்தனை சீவியும் படியாமல் நின்றது. முன்னறையில் யாரோ வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அக்கா வரவேற்று உட்காரச் சொல்கிற குரலும் கேட்டது.

அப்பா நிமிர்ந்தார். மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நீங்க யாராவது காலையில பல்லு விளக்கினீங்களா?"

யாரும் விளக்கவில்லை.

இந்த வீட்டில் இருந்த காலம் தொட்டு, விளக்காமல் ஒரு காலை போனதே கிடையாது. நடுவயதை எட்டிய மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் குளியலறைக்குப் போனார்கள். கண்ணாடிக்குக் கீழே டம்ளரில் மூன்று பிரஷ்கள் நின்றன. பிள்ளைகள் வந்து தங்கினால் வேண்டும் என்று அம்மா எப்போதும் வைத்திருப்பவை. மாறிப்போகாமல் இருக்க, ஒவ்வொன்றின் கழுத்திலும் தையல் நூலால் ஒரு முடிச்சு. முயலுக்குச் சிவப்பு, சொத்தைக்குப் பச்சை, பொக்கைக்கு மஞ்சள். சொத்தை தன்னுடையதை எடுத்துப் பார்த்தாள். பிரஷ் புதிது, நாரில் இன்னும் தண்ணீரே படவில்லை. நூலும் புதிது. படுக்கையில் விழுவதற்கு முன்னால் எந்த நாளிலோ மாற்றிவைத்திருக்கிறாள். முடிச்சைப் பொத்தானுக்குப் போடுவது போல இரட்டையாகப் போட்டு, நுனியைக் கத்தரித்திருந்தாள். பல்லால் நூலைக் கடிக்கிற பழக்கம் அம்மாவுக்குக் கிடையாது.

ஒரே கண்ணாடிக்கு முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு விளக்கினார்கள். முயல் முன்பல்லை மேலும் கீழுமாகத் தேய்த்தான். பொக்கை நாக்கைத் தனியாக விளக்கினான். வாய் நிறைய நுரை இருந்ததால் யாருக்கும் பேச வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியில் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்ப்பதை மட்டும் தவிர்த்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது அறைக்கதவு திறந்திருந்தது. தெருவாட்கள் நாலைந்து பேர் சுவரோரமாக நின்றார்கள். "எவ்வளவு லட்சணமா இருக்கு முகம்" என்று யாரோ சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா, தானே தாடை கட்டினது போல ஆமோதித்தாள். அப்பா தலைமாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

முயல் கட்டிலருகே போய் நின்றான். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, குனிந்து, அம்மாவின் மூக்குக்கு நேராக வாயைக் கொண்டுபோய், மெதுவாக ஊதினான். நகர்ந்து வழிவிட்டான்.

சொத்தை குனிந்தாள். எழுபது வருஷத்து முகம் இவ்வளவு கிட்டத்தில் இருந்தது. அவள் ஊதினாள்.

"காதுல என்னமோ சொல்றாங்க பாவம்" என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

கடைசியாகப் பொக்கை. அவனுக்கு எப்போதும் ஒரு தரம் போதாது, இரண்டு தரம் ஊதிக் காட்டித்தான் பழக்கம். முன்னறையில் மெஷின் நின்றுதான் கிடந்தது. அவன் ஊதினான். அம்மாவின் நெற்றிக்கு மேல் படியாமல் நின்ற அந்த நரைமயிர் அசைந்தது. அவன் இன்னொரு தரம் ஊதினான். அது அசைந்து, படிந்தது.